எந்த வாயு எந்தப் பரப்பில் ஒட்டும்: கணக்கு கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

பாக்ஸ்வுட் மரக்கரியின் ஒரு துண்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அப்படியே பாதரசத்துக்குள் அமிழ்த்தி ஆறவிட்டு, பிறகு காற்றே படாமல் ஒரு வாயு நிரம்பிய குழாய்க்குள் ஏற்றிவிட வேண்டும். குழாயில் வாயு குறையக் குறையப் பாதரசம் மேலே ஏறும். எவ்வளவு ஏறியது என்று அளந்தால், கரி எவ்வளவு வாயுவைப் பிடித்துக்கொண்டது என்று தெரிந்துவிடும். ஜெனீவாவைச் சேர்ந்த தியோடோர் தெ சோசூர் 1814-இல் வெளியிட்ட அளவீடுகள் இந்த முறையில் எடுக்கப்பட்டவை. பாதரசத்தில் ஆறவிட்டதுதான் இதில் நுட்பம். வெறும் காற்றில் ஆறவிட்டிருந்தால் சோதனை தொடங்கும் முன்பே கரியின் வயிறு நிறைந்திருக்கும்.

கரி தன் கன அளவைப் போல எத்தனை மடங்கு வாயுவைப் பிடித்தது என்பதே அவர் தந்த பட்டியல். அதன் பக்கத்தில் ஒவ்வொரு வாயுவின் நிலைமாறு வெப்பநிலையையும் (டிகிரி செல்சியஸில்) நான் சேர்த்திருக்கிறேன். ஒரு வாயுவை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாமல் போகும் எல்லைதான் நிலைமாறு வெப்பநிலை. அந்தக் கருத்தே சோசூரின் காலத்தில் கிடையாது.

அம்மோனியா: 90 மடங்கு, 132
ஹைட்ரஜன் குளோரைடு: 85, 51
சல்பர் டை ஆக்சைடு: 65, 157
ஹைட்ரஜன் சல்பைடு: 55, 100
நைட்ரஸ் ஆக்சைடு: 40, 36
கார்பன் டை ஆக்சைடு: 35, 31
எத்திலீன்: 35; 9
கார்பன் மோனாக்சைடு: 9.4, மைனஸ் 140
ஆக்சிஜன்: 9.25, மைனஸ் 119
நைட்ரஜன்: 7.5, மைனஸ் 147
ஹைட்ரஜன்: 1.75; மைனஸ் 240

இரண்டு வரிசைகளும் அச்சு அசலாகப் பொருந்தவில்லை. ஆனாலும் எத்திலீனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். 35-இலிருந்து சட்டென்று 9-க்கு விழுகிறது. மைக்கேல் ஃபாரடே 1823-இலும் பிறகு 1845-இலும் வாயுக்களைத் திரவமாக்க முயன்றபோது, அந்தப் பள்ளத்துக்கு மேலே உள்ளவை எல்லாம் வழிக்கு வந்தன. கீழே உள்ள நான்கும் கடைசிவரை மசியவில்லை. அதனால் அவற்றுக்கு ‘நிலையான வாயுக்கள்’ என்று பெயரே விழுந்தது. ஆக, திரவமாக மறுக்கும் வாயு கரியிலும் ஒட்ட மறுக்கிறது. பின்னாளில் தேங்காய்ச் சிரட்டைக் கரியில் அளந்தபோது அம்மோனியா 170 மடங்கைத் தாண்டியது. எண்கள் கூடின, ஆனால் அம்மோனியா முதலிலும் ஹைட்ரஜன் கடைசியிலும் நிற்பது மாறவில்லை.

ஒரு வாயுவின் மூலக்கூறுகள் திடப்பொருளின் உள்ளே கரைந்துபோகாமல் அதன் மேற்பரப்பில் மட்டும் தங்குவதைப் பள்ளிப் பாடநூல் பரப்புக் கவர்தல் என்கிறது. எந்த வாயு எந்தப் பரப்பில் எவ்வளவு வலுவாகத் தங்கும் என்பதைச் சோதனை செய்யாமலே, மூலக்கூறின் பண்புகளை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? முகக்கவசம் செய்பவர், ஆக்சிஜன் கருவி செய்பவர், வினையூக்கி தேடுபவர், புகைபோக்கியில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க நினைப்பவர் என்று எல்லாருக்கும் வேண்டிய விடை இது. கரியைப் பொறுத்தவரை ஓரளவு முடியும் என்று சோசூரின் பட்டியலே காட்டுகிறது. ஆனால் அந்த வெற்றியை நம்பி வேறு பரப்புகளுக்குப் போனால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எலெக்ட்ரான் மேகம் எவ்வளவு தளர்வு?

மின்னூட்டமோ முனைகளோ இல்லாத இரண்டு பொருள்கள் ஏன் ஒன்றையொன்று ஈர்க்க வேண்டும்? இதற்கு 1930 வரை ஒழுங்கான விடை கிடையாது. அந்த ஆண்டு ஃப்ரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு விடை சொன்னார். அணுவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான் மேகம் ஓயாமல் அசைகிறது. ஒரு கணம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அங்கே தற்காலிகமாக ஓர் இருமுனை (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின்) உண்டாகிறது. அது பக்கத்து அணுவின் மேகத்தையும் இசைந்து சாய வைக்கிறது. விளைவு, ஈர்ப்பு. ஒரு மேகம் எவ்வளவு எளிதாகச் சாயும் என்பதை முனைவாகும் தன்மை என்ற எண்ணால் குறிக்கிறோம். எலெக்ட்ரான்கள் அதிகமாக, அணுக்கருவிலிருந்து தொலைவாக இருந்தால் இந்த எண் பெரிதாகும்; தளர்வாகக் கட்டிய மூட்டை எளிதில் சரிவதைப் போல.

மந்த வாயுக்களை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அவற்றுக்கு நிலையான முனையும் இல்லை, வேதிப்பிணைப்பு ஆசையும் இல்லை. முனைவாகும் தன்மை கன ஆங்ஸ்ட்ராமில் ஹீலியத்துக்கு 0.2, நியானுக்கு 0.4, ஆர்கானுக்கு 1.6, கிரிப்டானுக்கு 2.5, செனானுக்கு 4.0. தட்டையான கிராஃபைட் பரப்பில் இவை ஒட்டும் ஆற்றல், மோலுக்குக் கிலோஜூலில், சுமாராக 1.6, 3.1, 9.6, 12, 16. ஏறுவரிசை அப்படியே இருக்கிறது. ஆனால் வகுத்துப் பார்த்தால் ஹீலியத்தில் எட்டாக இருக்கும் விகிதம் செனானில் நான்காகக் குறைந்துவிடுகிறது. செனான் பருமனான அணு, அதனால் பரப்பை அவ்வளவு நெருங்க முடியாது. ஓர் அணுவுக்கும் இன்னோர் அணுவுக்குமான லண்டன் ஈர்ப்பு, தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவது. கொஞ்சம் தள்ளி நின்றாலும் இழப்பு பெரிது. முனைவாகும் தன்மையோடு மூலக்கூறின் பருமனையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகிறது.

கிராஃபைட் தட்டையானது. ஆக்டிவேட்டட் கார்பன் அப்படி அல்ல. ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு சுருண்டு கிடக்கிறது, மூலக்கூறு நுழையும் அளவுக்கே அகலமுள்ள பிளவுகளாக. அந்தப் பிளவுக்குள் போன மூலக்கூறை இரண்டு பக்கச் சுவர்களும் இழுக்கின்றன. தட்டைப் பரப்பில் கிடைப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல்வரை அங்கே கிடைக்கலாம். காங்கேயம் பக்கத்துச் சிரட்டைக்கரிக்கும் இலங்கையின் சிரட்டைக்கரிக்கும் உலகச் சந்தையில் இருக்கும் மதிப்பு இந்த நுண்துளைகளுக்காகத்தான். கெட்டியான சிரட்டை, கரியான பிறகும் குறுகிய துளைகளையே அதிகமாகத் தருகிறது. மென்மரக் கரியின் துளைகள் அகலமானவை. சாயங்களைப் பிடிக்க அது போதும், வாயுக்களைப் பிடிக்கப் போதாது.

ஐன்ஸ்டைன் நம்பாத கோட்பாடு

லண்டனின் விடை வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கணக்கைப் போட்டுவிட்டார். மைக்கேல் போலானி, முதல் உலகப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையில் மருத்துவ அதிகாரி. 1914-க்கும் 1916-க்கும் இடையே அவர் முன்வைத்தது இதுதான்: பரப்பை ஒட்டிய வெளியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஈர்ப்பாற்றல் உண்டு, அது வெப்பநிலையைச் சார்ந்ததல்ல, அந்த ஈர்ப்பில் மாட்டிய வாயு அமுங்கி அமுங்கித் திரவத்தைப் போல ஆகிறது. ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லவில்லை. ஒரு வெப்பநிலையில் அளந்ததைக் கொண்டு இன்னொரு வெப்பநிலைக்கு விடை சொல்ல முடிந்தது, அது பொருந்தவும் செய்தது.

அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் அதே காலத்தில் வேறொரு படத்தை வைத்தார். பரப்பில் இருக்கைகள் உண்டு, ஓர் இருக்கைக்கு ஒரு மூலக்கூறு, ஒற்றை அடுக்கு மட்டும், ஈர்ப்பு மிகக் குறுகிய தூரமே. அணுக்களைப் பற்றி அப்போது நிலவிய மின்னியல் புரிதலுக்கு அதுவே ஒத்துப்போனது. 1921-இல் ஃப்ரிட்ஸ் ஹாபர் போலானியைத் தன் பெர்லின் நிறுவனத்துக்கு அழைத்து விரிவாகப் பேசச் சொன்னார். கேட்பதற்கு ஐன்ஸ்டைனும் வந்திருந்தார். இருவருமே ஏற்கவில்லை. பொருளின் கட்டமைப்பைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் இந்த இளைஞர் அலட்சியம் செய்கிறார் என்றே நினைத்தார்கள். தொழிலில் தாம் தப்பிப் பிழைத்ததே அதிசயம் என்கிற பொருளில் போலானி பிற்காலத்தில் எழுதினார். 1930-இல் லண்டனும் போலானியும் சேர்ந்தே கட்டுரை எழுதி, அந்தத் தொலைவு ஈர்ப்பு இன்னதென்று காட்டினார்கள். லாங்மியூரும் தவறில்லை, உலோகப் பரப்பில் வேதிப்பிணைப்போடு ஒட்டும் வாயுவுக்கு அவர் படம்தான் சரி. இருவரும் வெவ்வேறு விலங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதே என் கணிப்பு.

போலானியின் கோட்பாட்டைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் சோவியத் வேதியியலாளர் மிகயில் துபினின். ஒரு கரிக்குப் பென்சீனை வைத்து ஒருமுறை அளந்துவிட்டால் போதும், மற்ற ஆவிகளுக்கு ஒரே ஒரு பெருக்கு எண்ணை மாற்றினால் விடை வரும் என்பது 1940-களில் தொடங்கி அவர் வளர்த்த முறை. பென்சீனுக்கு 1 என்றால் டொலுயீனுக்கு 1.25, ஹெக்சேனுக்கு 1.35, மெத்தனாலுக்கு 0.40. இந்த எண்ணைச் சோதனையே இல்லாமல், திரவத்தின் மூலக்கூறு கன அளவிலிருந்தோ முனைவாகும் தன்மையிலிருந்தோ கணக்கிட்டுவிடலாம். தொழிற்சாலையில் பெயின்ட் அடிப்பவர் மாட்டும் சுவாசக் கவசத்தின் கார்ட்ரிட்ஜ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள்களுக்கு இதுதான் அடித்தளம். ஆயிரக்கணக்கான கரைப்பான் ஆவிகளுக்கும் ஒவ்வொன்றாகச் சோதனை செய்துகொண்டிருக்க யாராலும் முடியாது.

அதே கணக்கு, கரியால் எது முடியாது என்பதையும் சொல்லும். கார்பன் மோனாக்சைடின் நிலைமாறு வெப்பநிலை மைனஸ் 140. அறை வெப்பநிலையில் எந்த நல்ல கரியாலும் அதைப் பிடித்துவைக்க முடியாது. முதல் உலகப்போரில் குளோரினையும் ஃபாஸ்ஜீனையும் தடுத்த கரிக் கவசம், பீரங்கிக் கூண்டுக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடிடம் தோற்றது. பிடிப்பதைக் கைவிட்டு, மாங்கனீசு டை ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்த ஹாப்கலைட்டைக் கொண்டு அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி இடுப்பில் மாட்டியிருக்கும் வடிகட்டி வகை மீட்புக் கருவியில் இருப்பதும் ஹாப்கலைட்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆற்றலைச் சொல்வதும், எவ்வளவு வாயு ஒட்டும் என்று சொல்வதும் ஒன்றல்ல. ஒட்டும் அளவு ஆற்றலோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. அடுக்குக்குறி விதிப்படி எகிறுகிறது. 25 டிகிரியில் மோலுக்கு 5.7 கிலோஜூல் கூடினால் ஒட்டும் அளவு பத்து மடங்காகிவிடும். கணினி வேதியியலில் 4.2 கிலோஜூலுக்குள் பிழை இருந்தால் ‘வேதித் துல்லியம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்குரிய பிழையே ஒட்டும் அளவில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசத்தைத் தரும்! வரிசைப்படுத்துவது எளிது, அளவைச் சொல்வது கடினம் என்பதற்குக் காரணம் இதுதான். அதே அடுக்குக்குறி சில இடங்களில் நமக்கு உதவவும் செய்கிறது. அணு உலைகளில் கசியும் கதிரியக்கக் கிரிப்டானையும் செனானையும் நீளமான கரிப் படுகை வழியே ஊரவிடுவார்கள். முனைவாகும் தன்மை 2.5-க்கும் 4.0-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதுதான். ஆனால் கரியில் செனான் கிரிப்டானைவிடப் பத்து மடங்குக்கு மேல் தாமதமாகிறது. செனான்-133-இன் அரை ஆயுள் ஐந்து நாள் சொச்சம் என்பதால், வெளியே வருவதற்குள் அதன் கதிரியக்கத்தில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

நைட்ரஜனும் ஆக்சிஜனும் இடம் மாறும்போது

சோசூரின் பட்டியலுக்குத் திரும்பினால், ஆக்சிஜன் 9.25, நைட்ரஜன் 7.5. கரிக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆக்சிஜன் ஒரு மயிரிழை மேலே. முனைவாகும் தன்மையும் 1.6, 1.7 என்று ஒட்டியே நிற்கிறது. இந்த எண்களை மட்டும் பார்த்த ஒருவரிடம், இவற்றைப் பரப்புக் கவர்தலால் பிரிக்கலாமா என்று கேட்டால் வேலையற்ற வேலை என்பார்.

2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கொரோனா இரண்டாம் அலையின்போது வீட்டுக்கு வீடு தேடிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் செய்வது அந்த வேலையைத்தான். மருத்துவமனை வளாகங்களில் அவசர அவசரமாக நிறுவப்பட்ட பி.எஸ்.ஏ. ஆலைகள் (அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் காற்றைப் பிரிப்பவை) செய்ததும் அதுவே. கரிக்குப் பதில் அவற்றில் இருப்பது சியோலைட் மணிகள். சியோலைட் என்பது அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த கூண்டு. அலுமினியம் உட்கார்ந்த இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதை ஈடுகட்டக் கூண்டுக்குள் சோடியம் அல்லது லித்தியம் அயனிகள் நிற்கின்றன. அந்த அயனிகளைச் சுற்றி மின்புலம் கடுமையானது.

நைட்ரஜன் மூலக்கூறுக்கு இருமுனை கிடையாது. ஆனால் அதன் இரண்டு நுனிகளும் சற்றே எதிர்மின், நடுப்பகுதி சற்றே நேர்மின். இதற்கு நான்முனைவுத் திருப்புத்திறன் என்று பெயர். ஆக்சிஜனுக்கும் இது உண்டு, ஆனால் நைட்ரஜனின் அளவு அதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கரிப் பரப்பில் மின்புலம் இல்லாததால் இந்த வேறுபாடு தூங்கிக்கிடக்கிறது. சோடியம் அயனிக்கு முன்னால் வந்ததும் விழித்துக்கொள்கிறது. நைட்ரஜன் நுனியைக் காட்டி ஒட்டிக்கொள்ள, ஆக்சிஜன் கடந்து போகிறது. சாதாரணச் சோடிய சியோலைட்டில் நைட்ரஜன் ஆக்சிஜனைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக ஒட்டுகிறது. லித்தியம் இன்னும் சிறிய அயனி, மின்புலம் இன்னும் கூர்மை. பிரிப்பும் இன்னும் நன்றாக இருக்கும்.

இந்தக் கருவிகளில் ஆக்சிஜன் ஏன் 93, மிஞ்சினால் 95 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. காற்றில் ஏறத்தாழ 1 சதவீதம் ஆர்கான். அதற்கு நான்முனைவே கிடையாது, முனைவாகும் தன்மை ஆக்சிஜனுக்குச் சமம். சியோலைட்டின் கண்ணுக்கு ஆர்கானும் ஆக்சிஜனும் வேறல்ல. நைட்ரஜன் முழுவதையும் நீக்கிவிட்டால் மிஞ்சும் 21 பங்கு ஆக்சிஜனோடு 1 பங்கு ஆர்கான் கூடவே வரும். அதாவது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். கருவியில் குறை ஒன்றுமில்லை. மூலக்கூறின் பண்புகளை வைத்து இவ்வளவு துல்லியமாக விளக்கம் கிடைக்கிற இடங்கள் இந்தத் துறையில் குறைவு.

இன்னொரு வேடிக்கை: கரியைக் கொண்டும் காற்றைப் பிரிக்கலாம், ஆனால் அங்கே பிரிப்பது ஈர்ப்பு அல்ல, வேகம். துளையின் வாயைச் சரியாகக் குறுக்கிவைத்த கார்பன் சல்லடைக்குள் ஆக்சிஜன் வேகமாக நுழைந்துவிடும். பத்தில் இரண்டு பங்கு ஆங்ஸ்ட்ராம் அளவுக்குப் பருமனான நைட்ரஜன் தடுமாறும். நைட்ரஜன் உற்பத்திக் கருவிகள் இப்படித்தான் இயங்குகின்றன. ஒட்டும் வலிமையைக் கணக்கிடும் எந்தச் சூத்திரமும் இதைக் காட்டாது.

தண்ணீரும், இரட்டையர் இருவரும்

நிலைமாறு வெப்பநிலையை நம்பினால், மேலே பார்த்த எல்லா வாயுக்களையும்விடத் தண்ணீராவிதான் கரியில் மிக வலுவாக ஒட்ட வேண்டும். அதன் நிலைமாறு வெப்பநிலை 374 டிகிரி. முனைவாகும் தன்மையை நம்பினால், நைட்ரஜனைவிடவும் பலவீனமாக ஒட்ட வேண்டும். அதன் எண் 1.5-தான். இரண்டு அளவுகோல்களும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. வெல்வது இரண்டாவதுதான். ஈரப்பதம் குறைவாக இருக்கும்போது தூய கரி தண்ணீரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஈரப்பதம் பாதியை நெருங்கும்போதுதான், ஏற்கெனவே ஒட்டிய சில மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு மற்றவை கூட்டமாக வந்து துளைகளை நிரப்புகின்றன.

நிலைமாறு வெப்பநிலை உண்மையில் எதை அளக்கிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். ஒரு மூலக்கூறு தன் இனத்தோடு எவ்வளவு ஒட்டும் என்பதற்கான அளவு அது. பரப்போடு எவ்வளவு ஒட்டும் என்பதற்கானது அல்ல. தன் இனத்தை இழுக்கும் அதே லண்டன் விசைதான் பரப்பிலும் இழுக்கிறது என்றால் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லலாம். தண்ணீரை ஒன்றாக வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. கரியிடம் கொடுக்க அது இல்லை. சிலிக்கா ஜெல்லின் பரப்பில் ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கின்றன, அங்கே தண்ணீருக்கு விருந்து. சோசூரின் பட்டியலில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் தங்கள் தகுதிக்கு மேல் நிற்பதற்கும் இதே வகைக் காரணம்தான் பொருந்துகிறது: மரக்கரி சுத்தமான கார்பன் அல்ல, ஆக்சிஜன் சேர்ந்த குழுக்களும் சாம்பலும் அதில் உண்டு.

உலோகத்துக்குப் போனால் வாயுவின் பண்புப் பட்டியல் மொத்தமாகக் கைவிடுகிறது. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜனும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் 14 எலெக்ட்ரான்கள், மூலக்கூறு நிறை 28, கொதிநிலை மைனஸ் 191-உம் மைனஸ் 196-உம். கரிக்கு இவற்றை வேறுபடுத்தத் தெரியாது. பிளாட்டினத்திடம் கொண்டுபோனால் கார்பன் மோனாக்சைடு மோலுக்கு நூறு கிலோஜூலுக்கு மேல் ஆற்றலோடு அப்பிக்கொள்கிறது. நைட்ரஜன் அறை வெப்பநிலையில் அங்கே தங்குவதே இல்லை. ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில், வரும் ஹைட்ரஜனோடு கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் பத்துப் பங்கு கலந்திருந்தாலே பிளாட்டினம் மின்முனை சோர்ந்துவிடுவது இதனால்தான்.

கார்பன் மோனாக்சைடின் கார்பன் நுனியில் கொடுக்க ஓர் எலெக்ட்ரான் இணை தயாராக இருக்கிறது. உலோகம் திருப்பிக் கொடுப்பதை வாங்கிவைக்கக் காலி ஆர்பிட்டாலும் எட்டும் உயரத்தில் இருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் பாதி உலோகத்தின் கையில். தங்கமும் வெள்ளியும் அதே வாயுவைச் சீண்டுவதில்லை. 1990-களில் யென்ஸ் நோர்ஸ்கோவும் பியோர்க் ஹாமரும் உலோகத்தின் டி-ஆர்பிட்டால்களின் சராசரி ஆற்றல் எங்கே நிற்கிறது என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு, எந்த உலோகம் எவ்வளவு பிடிக்கும் என்று வரிசைப்படுத்தினார்கள். கவனித்தால், இது பரப்பின் பண்பு. வாயுவை மட்டும் விசாரித்துப் பதில் சொன்ன காலம் இங்கே முடிகிறது.

கணினியிடம் ஒப்படைத்தால்?

இன்று பெரும்பாலும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டை (எலெக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் முறை) வைத்து, வாயுவையும் பரப்பையும் சேர்த்தே கணினியில் கணக்கிடுகிறார்கள். அதற்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. பரவலாகப் புழங்கிய பழைய வடிவங்களில் லண்டன் விசையே இல்லை! 2004-க்குப் பிறகுதான் அதைச் சேர்க்கும் வழிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஸ்டெஃபான் கிரிம்மின் திருத்தங்கள் அவற்றில் மிகவும் புழக்கத்தில் உள்ளவை. பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு எங்கே உட்காரும் என்ற கேள்வியிலேயே வழக்கமான கணக்கீடுகள் சறுக்கின. சோதனைகள் ஒற்றை அணுவின் உச்சியில் என்றன; கணக்கீடு மூன்று அணுக்களுக்கு நடுவே உள்ள குழியில் என்றது. 2001-இல் பீட்டர் ஃபைபல்மனும் பலரும் சேர்ந்து இதைப் புதிர் என்றே பெயரிட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். துறையின் மிகப் பழகிய வாயு, மிகப் பழகிய உலோகம்.

அளவில் மட்டும் தயக்கமே இல்லை. 2012-இல் கிறிஸ்டோபர் வில்மரும் குழுவினரும், உலோகக் கணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த 1,37,953 கற்பனைச் சட்டகங்களைக் கணினியில் கட்டி, எது மீத்தேனை அதிகம் சேமிக்கும் என்று சலித்தெடுத்தார்கள். இந்த உலோக-கரிமச் சட்டகங்களுக்காகத்தான் சுசுமு கிதகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் 2025-இன் வேதியியல் நோபல் கிடைத்தது. 2020-இல் ஃபேஸ்புக்கும் (இன்றைய மெட்டா) கார்னகி மெல்லன் பல்கலைக்கழகமும் வெளியிட்ட திறந்த வினையூக்கித் தரவில் சுமார் 13 லட்சம் பரப்பு-மூலக்கூறு அமைப்புகள் உள்ளன. இயந்திரக் கற்றல் நிரல்கள் அதில் பயிற்சி பெறுகின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் மேலே சொன்ன அடுக்குக்குறியை மறந்துவிடக் கூடாது. 0.1 எலெக்ட்ரான் வோல்ட் (மோலுக்குச் சுமார் 9.6 கிலோஜூல்) பிழை என்றால் காதுக்குச் சின்னதாக இருக்கும்; அறை வெப்பநிலையில் ஒட்டும் அளவில் அது ஏறத்தாழ 50 மடங்கு வித்தியாசம்.

ஆற்றல் சரியாக வந்தாலும் வேலை முடியவில்லை. பரப்பில் ஒட்டிய மூலக்கூறு தன் சுதந்திரத்தில் எவ்வளவு இழக்கிறது, அதாவது எண்ட்ரோபி எவ்வளவு குறைகிறது என்பதும் வேண்டும். சார்லஸ் கேம்ப்பெலும் ஜேசன் செல்லர்ஸும் 2012-இல் பல அளவீடுகளை அலசி, ஒட்டிய மூலக்கூறு வாயுவாக இருந்தபோது கொண்டிருந்த எண்ட்ரோபியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஒட்டியதெல்லாம் ஆணி அடித்தாற்போல் அசையாமல் நிற்கும் என்று வைத்துப் போட்ட கணக்குகளுக்கு அது நல்ல அடி.

கடைசியாக, புகைபோக்கி. ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் பொருள்களின் பட்டியலில், உலர்ந்த தூய வாயுவை வைத்துக் கணக்கிட்டால் மெக்னீசியம் அயனிகள் வெளிப்பட்டு நிற்கும் எம்.ஓ.எஃப்.-74 என்ற உலோக-கரிமச் சட்டகம் முன்வரிசையில் வரும். கார்பன் டை ஆக்சைடை அது மோலுக்குச் சுமார் 47 கிலோஜூலோடு பிடிக்கிறது. ஆனால் உண்மையான புகையில் நீராவி உண்டு. கார்பன் டை ஆக்சைடின் நான்முனைவை இழுக்கும் அதே மெக்னீசியம் அயனி, தண்ணீரின் இருமுனையை இன்னும் வலுவாக இழுத்து இருக்கைகளை அதற்கே கொடுத்துவிடுகிறது. 2021 டிசம்பரில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஷிமிசு குழு வெளியிட்ட கால்ஃப்-20 என்ற துத்தநாகச் சட்டகம் கார்பன் டை ஆக்சைடை அதைவிடத் தளர்வாகவே பிடிக்கிறது. அயனி எதுவும் வெளிப்பட்டு நிற்காததால், ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை தண்ணீர் அங்கே கார்பன் டை ஆக்சைடோடு போட்டிபோட முடிவதில்லை. சிமென்ட் ஆலையின் புகையில் வைத்துச் சோதிக்கப்பட்டதும், பெரிய அளவில் உற்பத்திக்குப் போனதும் கால்ஃப்-20-தான்.